அம்மாவோட முட்டி ஆபரேஷன்: நரம்பை உறைய வைக்கிற சிகிச்சைக்கு இஎம்ஐ போடலாமா?



பதிலை முதல்லயே சொல்லிடறேன். போட வேண்டாம்.

கையில உபரிப் பணம் இருந்து, டாக்டரும் "உங்க அம்மாவுக்கு இது இந்தக் காரணத்துக்காகத் தேவை"ன்னு தெளிவா சொன்னா, தாராளமா செய்யுங்க. ஆனா பர்சனல் லோன் வாங்கியோ, எஸ்ஐபி-யை நிறுத்தியோ செய்ய வேண்டிய செலவு இது இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் ஒரு ஆறு வாரம் இருக்கு பாருங்க, உங்க பணத்துக்கு அங்கதான் பெரிய வேலை காத்திருக்கு.

நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல நிறைய பேருக்கு வயசு 25-லிருந்து 35. அப்பா அம்மாவுக்கு 55-லிருந்து 70. வீடு லாஸ்பேட்டையிலயோ முத்தியால்பேட்டையிலயோ இருக்கும், வேலை சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கும். அம்மா படி ஏறும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பிச்சிருப்பாங்க. "வலியே இல்லாத முட்டி ஆபரேஷன்"னு ஃபேமிலி குரூப்ல ஒரு வீடியோ வரும். அதுக்கப்புறம் பில்லிங் கவுன்டர்ல ஒரு பட்டியல் வரும்: ரோபோ, உயர்ரக இம்பிளான்ட், தனி ரூம், ஸ்பெஷல் வலி சிகிச்சை. "அம்மா வலியில கஷ்டப்படக் கூடாதுல்ல சார்?"னு ஒரு கேள்வி கேட்டா போதும், நம்மள்ல யாரும் பேரம் பேச மாட்டோம். கையெழுத்துதான்.

அந்தக் கையெழுத்துக்கு முன்னாடி படிக்கறதுக்குத்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்ல. மருத்துவ முடிவு உங்க டாக்டரோடது. பண முடிவு உங்களோடது, அதைப் பத்தி மட்டும் பேசுவோம்.

இது என்ன சிகிச்சை?

இதோட பேரு கிரையோநியூரோலிசிஸ். முட்டியோட முன்பக்கத்துல தோலுக்குக் கீழ ஓடுற உணர்வு நரம்புகளை, ஒரு மெல்லிய ஊசி முனையால குளிரூட்டுவாங்க. ஊசிக்கு உள்ளேயே நைட்ரஸ் ஆக்சைடு வாயு விரிவடையும். முனை கிட்டத்தட்ட மைனஸ் 88 டிகிரிக்குப் போகும். அங்க ஒரு சின்ன பனி உருண்டை உருவாகி நரம்பைச் சூழ்ந்துக்கும். வாயு உடம்புக்குள்ள போகாது.

அந்தக் குளிர்ல, வலிச் செய்தியைக் கொண்டு போற நரம்பு இழை செயலிழக்கும். வெளி உறை அப்படியே இருக்கும். அந்த உறைக்குள்ளேயே இழை ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்துல திரும்ப வளரும். அதனால இது நிரந்தரம் இல்ல, சில வாரத்துலயோ மாசத்துலயோ உணர்வு திரும்பிடும். ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னாடியே இதைச் செஞ்சிடுவாங்க. உணர்வு நரம்பை மட்டும் தொடறதால கால் தசை பலவீனமாகாது.

அமெரிக்காவுல பசிரா நிறுவனத்தோட அயோவேரா கருவி இதுக்குப் பேர் போனது. முட்டித் தேய்மான வலிக்கு 90 நாள் வரைக்கும் நிவாரணம் தரலாம்னு 2017-ல எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. ஆக, இது ஏமாத்து வேலை இல்ல. விஞ்ஞானம் இருக்கு.

ஆனா இதுக்கு எல்லையும் இருக்கு. முன்பக்க நரம்பை உறைய வெச்சா முன்பக்க வலிதான் குறையும். மூட்டோட ஆழத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் வர்ற வலி வேற நரம்புகள் வழியா வரும். ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்ல. 2021-ல வெளியான 124 பேர் ஆய்வுல, சிகிச்சைக்குன்னு ஒதுக்கப்பட்ட எல்லாரையும் சேர்த்துப் பார்த்தப்போ முதன்மை இலக்கு எட்டப்படல. திட்டப்படி முழுசா சிகிச்சை எடுத்தவங்களை மட்டும் பார்த்தப்போ, வலி மாத்திரைத் தேவை குறைஞ்சிருந்தது. "உதவலாம்"ங்கிறதுதான் நேர்மையான வார்த்தை. "வலியே இருக்காது"ன்னு யாராவது சொன்னா அது விளம்பரம்.

அவங்க கணக்கு வேற, நம்ம கணக்கு வேற

இந்த சிகிச்சை அமெரிக்காவுல ஏன் இவ்வளவு பேசப்படுதுன்னு புரிஞ்சுக்கணும். அங்க ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்களுக்கு ஓபியாய்டு மாத்திரைகளைக் கை நிறையக் கொடுத்துட்டாங்க. ஓபியாய்டுன்னா மார்ஃபின் குடும்பத்து வலி மருந்து. லட்சக்கணக்கான பேர் அதுக்கு அடிமையானாங்க. அதனால ஓபியாய்டு இல்லாம வலியைக் குறைக்கிற எந்த வழிக்கும் அங்க பெரிய மதிப்பு. 2025 ஜனவரியிலிருந்து, முதியோருக்கான மெடிகேர் திட்டமே இந்த மாதிரி சிகிச்சைகளுக்குத் தனியா பணம் கொடுக்குது.

நம்ம ஊர்ல நிலைமை தலைகீழ். இங்க ஓபியாய்டு மாத்திரை அவ்வளவு சுலபமா கிடைக்காது. 2018-ல டிரமடாலையே போதைப் பொருள் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. முட்டி மாத்தினவங்க பெரும்பாலும் பாராசிட்டமால், வலி-வீக்க மாத்திரை, ஆபரேஷன் அன்னிக்குப் போடுற நரம்பு பிளாக் ஊசி, ஐஸ் பேக், இதை வெச்சுத்தான் சமாளிக்கறாங்க.

அதாவது அமெரிக்காக்காரர் கொடுக்கிற விலையில ஒரு பகுதி, போதை அடிமைத்தனத்திலிருந்து தப்பிக்கிறதுக்கான விலை. அந்தப் பயம் நம்ம வீட்டுல குறைவு. அங்க அரசாங்கம் பில் கட்டுது, இங்க உங்க சேலரி அக்கவுன்ட் கட்டுது. அதே சிகிச்சைக்கு இங்க கிடைக்கிற பலனைத் தனியா கணக்குப் போடணும்.

வலியும் ஒரு பணப் பிரச்சினைதான்

"வலிதானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா போயிடும்"னு சொல்றவங்களோடயும் எனக்கு உடன்பாடு இல்ல. முட்டி மாத்தின பிறகு முதல் ஆறு வாரம் முழங்காலை மடக்கி நீட்டணும், நடக்கணும். வலி தாங்காம அம்மா பயிற்சியை விட்டுட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கி விடற நிலைமை வரலாம். அது இன்னொரு பில், இன்னொரு லீவு.

இன்னொரு உண்மை: முட்டி மாத்தினவங்கள்ல சுமார் ஐந்தில் ஒருத்தருக்கு மாசக் கணக்குல வலி நீடிக்கிறதா ஆய்வுகள் சொல்லுது. அதனால வலிக்குன்னு பட்ஜெட் ஒதுக்கறது ஆடம்பரம் இல்ல. அந்த பட்ஜெட்டை எந்த வரிசையில செலவு பண்றோம்ங்கிறதுதான் கேள்வி.

என் வரிசை இதுதான்

1. முதல்ல, யார் பில் கட்டுவாங்கன்னு பாருங்க.

அப்பாவோ அம்மாவோ 70 வயசைத் தாண்டிட்டாங்களா? 2024 அக்டோபர் 29-லிருந்து 70 வயசு ஆன எல்லாருக்கும், வருமானம் எவ்வளவா இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் கவர் இருக்கு. ஆதார் வெச்சு "வய வந்தனா" கார்டு எடுக்கணும். காத்திருப்புக் காலம் கிடையாது. முட்டி மாற்று ஆபரேஷன் அந்தப் பட்டியல்ல இருக்கு. தனியார் இன்சூரன்ஸ் இருந்தாலும் இதை எடுக்கலாம். மாசம் 40,000 ஃபிளெக்ஸி டெபாசிட்டுல போடற பையன், அப்பாவுக்கு இந்த இலவச கார்டை எடுக்காம விடறது சரியான கணக்கு இல்ல.

உங்க சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிக்கறாங்களா? உங்களைச் சார்ந்த அப்பா அம்மாவும் அதுல வருவாங்க, அவங்களோட சொந்த வருமானத்துக்கு ஒரு வரம்பு இருக்கு. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கம் வேலை பார்க்கிற நண்பர்கள் கோரிமேடு இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில ஒரு தடவை விசாரிச்சுட்டு அப்புறம் லோன் பத்தி யோசிக்கலாம்.

அதே கோரிமேட்டுலதான் ஜிப்மரும் இருக்கு. 1823-ல பிரெஞ்சுக்காரங்க ஆரம்பிச்ச மருத்துவப் பள்ளியோட தொடர்ச்சி அது. இன்னிக்கு மத்திய அரசோட தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். விழுப்புரம், கடலூர்லேருந்து விடியற்காலையிலேயே பஸ் பிடிச்சு வர்றாங்க. பாண்டியில வீடு வெச்சிருக்கிற நாம, "அங்க கூட்டமா இருக்கும்"னு சொல்லி ஓபி சீட்டுகூடப் போடாம விடறோம். காத்திருக்க வேண்டி வரும், உண்மைதான். ஆனா முட்டித் தேய்மானம் பெரும்பாலும் நாளைக்கே வெட்டணும்ங்கிற அவசரம் இல்ல. ரெண்டாவது கருத்து கேட்கறதுக்காகவாவது போங்க.

2. இம்பிளான்ட் விலையைத் தனியா எழுதி வாங்குங்க.

2017 ஆகஸ்ட்ல என்பிபிஏ முட்டி இம்பிளான்ட்டுக்கு விலை உச்சவரம்பு வெச்சது. அதிகமா பயன்படுற கோபால்ட்-குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதுக்கு முன்னாடி அதோட சராசரி எம்ஆர்பி 1,58,324 ரூபாய்! டைட்டானியம் வகைக்கு 76,600. அதுக்கப்புறம் இந்தக் கட்டுப்பாட்டைத் தொடர்ந்து நீட்டிச்சிருக்காங்க, வரம்பு அப்பப்போ கொஞ்சம் மாறும். இப்போதைய வரம்பை என்பிபிஏ தளத்துல பார்த்துட்டு, பில்லுல இம்பிளான்ட்டோட பேர், வகை, விலை மூணும் இருக்கான்னு பாருங்க.

3. ரூம் விஷயத்துல கௌரவம் பார்க்காதீங்க.

பாலிசி 5 லட்சம், ரூம் வாடகை வரம்பு ஒரு நாளைக்கு 5,000-ன்னு வெச்சுக்குங்க. நீங்க 8,000 ரூபாய் ரூம் எடுத்தா, வாடகை வித்தியாசம் மட்டும் உங்க தலையில விழும்னு நினைக்காதீங்க. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் மாதிரி செலவுகளையும் அதே விகிதத்துல, அதாவது 62.5 சதவீதம்தான் கொடுப்பாங்க. அந்தச் செலவு 1,20,000 ரூபாய்னா உங்களுக்குக் கிடைக்கிறது 75,000. மீதி 45,000 உங்க பாக்கெட். இம்பிளான்ட், மருந்து, டெஸ்ட் செலவுல இந்த வெட்டு கிடையாது. நாலு நாள் டிவி பெருசா இருந்ததுக்கு 45,000 ரூபாய்!

4. அந்த 45,000-ஐ பிசியோதெரபிக்குக் கொடுங்க.

ஒரு கணக்குக்கு, வீட்டுக்கு வர்ற பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவைக்கு 500 ரூபாய்னு வெச்சுக்கலாம். வாரம் 6 நாள், 6 வாரம், மொத்தம் 36 தடவை. 18,000 ரூபாய் ஆச்சு. பாத்ரூம்ல பிடிமானக் கம்பி, வெஸ்டர்ன் டாய்லெட், வாக்கர், ஐஸ் பேக், இதுக்கு ஒரு தொகை. முதல் ரெண்டு வாரம் சமையலுக்கு உதவி ஆள், அதுக்கு ஒரு தொகை. நீங்க எடுக்கிற லீவு சம்பளம் இல்லாத லீவுன்னா அதையும் சேருங்க. இந்தப் பட்டியலை எந்த ஆஸ்பத்திரி பேக்கேஜும் காட்டாது. அம்மா திரும்பப் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போவாங்களா இல்லையான்னு பெரும்பாலும் தீர்மானிக்கறது இதுதான்.

பாண்டிக்காரங்களுக்கு இலவச போனஸ் ஒண்ணு இருக்கு. சாயந்திரம் ஆனா வண்டிகளை நிறுத்திடுற பீச் ரோடு. மேடு பள்ளம் இல்லாம, உட்கார இடத்தோட ஒரு நடைப்பாதை. டாக்டர் நடக்கச் சொன்னதும் ஜிம் மெம்பர்ஷிப் தேவையில்ல.

5. இதெல்லாம் முடிஞ்ச பிறகு, மிச்சம் இருந்தா, நரம்பை உறைய வைக்கிற சிகிச்சை.

இன்சூரன்ஸ் இதுக்குப் பணம் தருமா?

இங்கதான் நிறைய பேர் மாட்டுவாங்க. 2019-ல ஐஆர்டிஏஐ 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியல் போட்டு, இதையெல்லாம் பாலிசியிலிருந்து ஒதுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. ரோபோட்டிக் சர்ஜரி அதுல இருக்கு. அதுக்கும் பல பாலிசிகள்ல உள்வரம்பு உண்டு. நரம்பை உறைய வைக்கிற சிகிச்சை அந்தப் பட்டியல்ல இல்ல.

போதாததுக்கு, எல்லா பாலிசியிலயும் வர்ற விலக்குகள்ல 16-ஆம் எண்ணைப் பாருங்க: "நிரூபிக்கப்படாத சிகிச்சை". போதுமான மருத்துவ ஆதாரம் இல்லாத சிகிச்சைக்குப் பணம் இல்லங்கிற விதி. கம்பெனி அதைக் காட்டி மறுக்கலாம். ஆபரேஷனுக்குச் சில நாள் முன்னாடி, அட்மிட் ஆகாமலே செய்யறதால, அட்மிஷனுக்கு முந்தைய செலவுங்கிற தலைப்புல கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கும்னு நம்பி கார்டைத் தேய்க்காதீங்க. முன்கூட்டியே இமெயில்ல கேட்டு, எழுத்துல பதில் வாங்குங்க. ஏஜென்ட் போன்ல "வந்துடும் சார்"னு சொல்றது பதில் இல்ல.

இதுக்கு நேர்மாறா, பிசியோதெரபி செலவைப் பல பாலிசிகள்ல டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவா கேட்க முடியும். அதுக்கு டாக்டர் எழுத்துல பரிந்துரைச்சிருக்கணும், பில் சரியா இருக்கணும். டிஸ்சார்ஜ் சம்மரியில "பிசியோதெரபி இத்தனை வாரம்"னு எழுதச் சொல்லுங்க. ஒரு வரிதான். 18,000 ரூபாய் பெறும்.

இன்னும் ஆபரேஷன் பேச்சே வரலையா? அப்போ இன்னிக்கே பாலிசி பாருங்க. மூட்டு மாற்றுக்கு, விபத்து தவிர, பல பாலிசிகள்ல 24 முதல் 36 மாசம் காத்திருப்பு உண்டு. முட்டி வலி இருக்குன்னா மறைக்காம எழுதுங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், ஃபேமிலி பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியும் இல்ல. ஆபீஸ் குரூப் பாலிசியில அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தா, பெரும்பாலும் காத்திருப்பு இருக்காது. ஆனா மூட்டு மாற்றுக்கு உள்வரம்பு, கோ-பே ரெண்டும் இருக்கான்னு எச்ஆர்கிட்ட கேளுங்க. வேலை மாறினா அந்தக் கவர் போயிடும்ங்கிறதையும் நினைவுல வைங்க. ஆபரேஷன் தேதி குறிச்ச மாசத்துல பேப்பர் போடாதீங்க.

லோன் போட்டா என்ன ஆகும்?

ரோபோ, உறைய வைக்கிறது, இன்னும் ஏதோ ஒண்ணுன்னு எல்லா கூடுதலும் சேர்ந்து 60,000 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கலாம். 15 சதவீத வட்டியில 24 மாசத்துக்குப் பர்சனல் லோன் எடுத்தா, இஎம்ஐ சுமார் 2,909 ரூபாய். மொத்தம் கட்டறது சுமார் 69,800. சிகிச்சையோட பலன் அதிகபட்சம் சுமார் மூணு மாசம். இஎம்ஐ ரெண்டு வருஷம். நாலாவது மாசம் அம்மா நல்லா நடந்துட்டு இருப்பாங்க, அந்தச் சிகிச்சை எடுக்கலைன்னாலும் பெரும்பாலும் நடந்துட்டுத்தான் இருப்பாங்க. நீங்க மட்டும் இன்னும் 21 மாசம் கட்டிட்டு இருப்பீங்க.

யாருக்கு நான் "செய்யுங்க"ன்னு சொல்வேன்?

இதையும் சொல்லலைன்னா பதிவு ஒருதலைப்பட்சமா ஆயிடும். சிறுநீரகப் பிரச்சினை, வயித்துப் புண் இருக்கறவங்களுக்கு வழக்கமான வலி-வீக்க மாத்திரைகள் ஆபத்து. அவங்களுக்கு டாக்டர்கிட்ட இருக்கிற ஆயுதங்களே குறைவு. அப்படிப்பட்ட அம்மாவுக்கு டாக்டரே இதைப் பரிந்துரைச்சா, இந்தச் செலவு என் பட்டியல்ல அஞ்சாவது இடத்திலிருந்து மேல ஏறும். ஏற்கனவே ஒரு முட்டி மாத்தி, வலியில பயிற்சியே செய்ய முடியாம போனவங்க ரெண்டாவது முட்டிக்குப் போறப்போவும் அப்படித்தான். அப்பவும் எமர்ஜென்சி ஃபண்டிலிருந்து எடுங்க. அதுக்குத்தானே அது இருக்கு.

குளிர் பட்டா தோல் தடிக்கிற அலர்ஜி, ரேனாட்ஸ் மாதிரி குளிர் சார்ந்த நோய்கள் இருந்தா இது ஒத்து வராது. அதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடணும்.

கையெழுத்துக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

• இங்க வழக்கமா கொடுக்கிற வலி நிவாரணத்துல என்னென்ன இருக்கு, அது பேக்கேஜுக்குள்ள வருதா?
• அதைத் தாண்டி எங்க அம்மாவுக்கு இது ஏன் தேவை?
• குளிரால உறைய வைக்கறதா, சூட்டால கருக்கறதா? ரேடியோ அலை சூட்டு சிகிச்சை வேற, ரெண்டையும் ஒண்ணா குழப்பிக்காதீங்க.
• இதை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க, மரத்துப் போறது எத்தனை நாள்ல சரியாகும்?
• தனி பில்லா கொடுப்பீங்களா, இன்சூரன்ஸுக்கு முன் அனுமதி கேட்டுத் தருவீங்களா?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோவிச்சுக்க மாட்டார். பதில் சொல்லாம "இன்னிக்கே புக் பண்ணினா தள்ளுபடி"ன்னு யாராவது சொன்னா, ஒரு நாள் டைம் கேட்டுட்டு வெளிய வந்துடுங்க.

வரிப் பக்கம் ஒரு குறிப்பு. நீங்க பழைய வரி முறையில இருந்தா, மூத்த குடிமக்களான பெற்றோருக்குக் கட்டற பிரீமியத்துக்கு, பாலிசியே இல்லைன்னா அவங்க மருத்துவச் செலவுக்கு, 50,000 ரூபாய் வரைக்கும் கழிவு உண்டு. ரொக்கமா கொடுத்தா கிடைக்காது, யுபிஐ, கார்டு, பேங்க் வழியா கட்டுங்க. புதிய முறையில இந்தச் சலுகை இல்ல.

அப்பா அம்மா மேல இருக்கிற பாசத்தை பில் தொகையால அளக்கற பழக்கத்தை நம்ம தலைமுறையாவது விடணும். லோன்ல ஒரு கூடுதல் சிகிச்சை வாங்கிக் கொடுத்துட்டு, ஆறாவது நாள் பெங்களூர் பஸ் ஏறிட்டா, அம்மா அந்த முழங்காலைத் தனியாத்தான் மடக்கிப் பழகணும். அந்தப் பணத்தை லீவா மாத்தி ரெண்டு வாரம் கூட இருந்து, "இன்னும் ஒரு பத்து தடவைம்மா"ன்னு சொல்றவங்க பக்கம்தான் நான்.

உங்க வீட்டுல முட்டி ஆபரேஷன் நடந்திருந்தா, டிஸ்சார்ஜுக்கு அப்புறம் ஆன செலவு எவ்வளவுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்து ஆபரேஷனுக்குப் போற வீட்டுக்கு அந்தக் கணக்கு உதவும்.